பஃபலோ ரோட்டுக் கப்பல் சாமி

ரங்கூன் ரோடு,
சிங்கப்பூர்.
8.12.1963

மதிப்புக்குரிய அண்ணா அவர்களுக்குத் தங்கை பூரணம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மகள் யோகமும் உடல் சுகமாக இருக்கிறோம். மனச் சுகத்தைப் பற்றி, இதைப் படித்து முடித்தபின் நீங்களே ஒரு தீர்மானத்துக்கு வரலாம். சிரம்பானில் உங்கள் நீரிழிவும் மச்சாளின் முழங்கால் வலியும் இந்த மழையில் கொஞ்சம் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன். மச்சாள் அனுப்பிய எலுமிச்சை ஊறுகாய் வந்து சேர்ந்தது. பாதி வழியில் கசிந்து, உங்கள் பழைய வேட்டியில் சுற்றி அனுப்பியிருந்ததால் வேட்டியும் ஊறுகாயாகி வந்தது. இரண்டுக்கும் நன்றி.

உங்கள் கடிதத்தைப் படித்து, உங்கள் உத்தரவுப்படி கிழித்தும் போட்டேன். கிழித்ததால் மறந்துபோகும் கடிதம் அல்ல அது. யோகம் தன்னோடு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கும் தனசேகரனைத்தான் கட்டுவேன் என்கிறாள். பையன்மேல் குறை சொல்ல உங்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள், நாம் யாழ்ப்பாணத்தார். அதையே காரணமாகச் சொல்லி மறுத்தால், தமிழர் ஒற்றுமையைப் பற்றிச் சங்க மேடையில் நீங்கள் பேசிய பேச்சு எல்லாருக்கும் நினைவுக்கு வந்துவிடும். ஆகவே பார்வைக்கு நாகரிகமான வேறொரு காரணம் வேண்டும் என்று யோசித்து, அதையும் நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்கள். பையனின் தகப்பனார் வேலாயுதம், தன் பாட்டனாருக்கும் அமெரிக்க உள்நாட்டுப் போருக்கும் சம்பந்தம் உண்டென்று தேக்கா வட்டாரம் முழுக்கச் சொல்லித் திரிகிறாராம். அது பொய் என்று நான் காட்டிக் கொடுத்தால், பொய் சொல்லும் குடும்பத்தில் பெண் கொடுப்பதில்லை என்று கௌரவமாக விலகிக்கொள்ளலாம். "நீ சரித்திரம் படித்தவள், உனக்கு இது ஒரு வேலையா?" என்று எழுதியிருந்தீர்கள். நான் சரித்திரம் படித்தது உங்களுக்கு ஞாபகம் வந்தது இதுவே முதல் தடவை என்பதைக் குறித்துக்கொண்டேன். அப்பா என்னைச் சென்னைக்குப் படிக்க அனுப்பியபோது, செத்துப்போன ராசாக்களின் பெயர்களைப் பொம்பிளைப் பிள்ளை தெரிந்து என்ன செய்யப் போகிறாள் என்று கேட்டவர் நீங்கள்தான். அதோடு, துரையின் கையால் வெள்ளிக் கிண்ணம் வாங்கிய மனிதரின் பிள்ளைகள் நாம், சம்பந்தம் பேச வருகிறவர்களின் பெருமையும் அதற்குத் தக்கதாகச் சான்றோடு இருக்க வேண்டாமா என்றும் கேட்டிருந்தீர்கள். உங்கள் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியையும், வருகிறவர்கள் காப்பி குடிக்குமுன் அந்தக் கிண்ணத்தை வியந்து தீர்க்கவேண்டிய கட்டாயத்தையும் நான் அறிவேன். விசாரிக்கப் போனேன்.

பஃபலோ ரோட்டில் ஒரு மளிகைக்கடைக்கு மேலே அவர்கள் வீடு. மரப்படியில் ஏறும்போதே பெருங்காயமும் காய்ந்த மிளகாயும் மூக்கைப் பிடித்துக்கொண்டன. வேலாயுதம் துறைமுகக் கிடங்கில் மேற்பார்வை வேலை செய்கிறவர், ஓய்வு பெறும் வயது, உரத்த குரல். கிடங்கில் பேசிப் பழகியவர்களுக்கு அறை எவ்வளவு சிறியது என்று தெரிவதில்லை. "வாங்க டீச்சர், வாங்க. மொதல்ல சாமியக் கும்பிட்டுட்டு உக்காரலாம்," என்றார். கூடத்தின் மூலையில் ஒரு மாடம். அதில் முருகனுக்கும் மாரியம்மனுக்கும் நடுவே, சந்தனமும் குங்குமமும் எண்ணெயும் தலைமுறை தலைமுறையாக அப்பி இறுகிய ஓர் உருவம் இருந்தது. கீழே அகன்ற வட்டப் பீடம், மேலே கழுத்து சிறுத்து உருண்டு திரண்ட வயிறு. கும்பிடத் தோன்றும் வடிவந்தான். நானும் கும்பிட்டேன். அவருடைய மனைவி பாக்கியலட்சுமி அதன் அடியிலிருந்த திருநீற்றை எடுத்துக் கொடுத்தார், பூசிக்கொண்டேன். இதை நீங்கள் பின்னால் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். இது என்ன சாமி என்று கேட்டேன். "கப்பல் சாமி, டீச்சர்," என்றார் வேலாயுதம், காத்திருந்தவர்போல.

அவர் சொன்ன கதை இது. அமெரிக்காவில் வடக்கும் தெற்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில், தெற்கத்தியாருடைய அலபாமா என்ற போர்க்கப்பல் கிறிஸ்துமஸ் சமயத்தில் சிங்கப்பூருக்கு வந்து கரி ஏற்றியது. அவருடைய பாட்டனார் அன்று நியூ ஹார்பரில் கரி சுமந்துகொண்டிருந்தார். "கப்பல் ஆளு ஒருத்தன், வெள்ளக்காரன், கரி மூட்டைக்குப் பின்னால ஒளிஞ்சிக்கிட்டு எங்க பாட்டனப் பாத்து சைகை காட்டுறான். என்னன்னு கிட்டப் போனா, வேட்டியக் கழட்டிக் குடுங்கிறான். ஓடிப்போகத்தான், சண்டை பிடிக்கல அவனுக்கு. பாட்டன் மனசு எளகி இடுப்புல இருந்ததை அவுத்துக் குடுத்துட்டாரு. அவன் பதிலுக்குக் கையில இருந்த இந்தச் சாமியக் குடுத்துட்டு வேட்டியக் கட்டிக்கிட்டுப் போய்ட்டான். அதுக்கு அடுத்த மாசமே பாட்டனுக்கு மேஸ்திரி வேலை. அன்னையிலேர்ந்து சாமி நம்ம வீட்டுலதான்."

உங்கள் பாட்டனார் பிறகு எதைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார் என்று கேட்டேன். "கரிச் சாக்கு, டீச்சர். அதுல என்ன சந்தேகம்," என்றார். வெள்ளைக்காரன் வேட்டி கட்டினால் மட்டும் வெள்ளைக்காரன் என்று தெரியாமல் போய்விடுமா என்று கேட்டேன். "கரிக் கிடங்குல எல்லாரும் ஒரே நெறந்தான் டீச்சர்," என்றார். அந்தப் போர் நிறத்தை வைத்து மனிதரை அடிமையாக்கியதைப் பற்றியது என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று அவர் முகத்தைப் பார்த்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாமல்தான் இருக்கும் என்று அப்போது முடிவு செய்தேன்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. கப்பல்களில் வரும் அமெரிக்கச் சஞ்சிகைகளை எல்லாம் அவர் கிடங்கில் சேர்த்து வைத்துப் படிக்கிறாராம். போர் நடந்து நூறு வருடம் ஆனதால் அவை இப்போது அந்தப் போர் விநோதங்களையே ஓயாமல் அச்சடிக்கின்றனவாம். நெய் வடியும் கேசரியைக் கையில் கொடுத்து என் வாயை அடைத்துவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். தெற்கத்திப் படை ஒன்றில் ஓர் ஒட்டகம் சம்பளமில்லாத சிப்பாயாக இருந்ததாம், எதிரி குறிபார்த்து அதைச் சுட்டானாம், படையே அழுததாம். ஒரு விவசாயியின் நிலத்தில் முதல் பெரிய சண்டை மூண்டு, பீரங்கிக்குண்டு அவர் அடுப்பங்கரையில் வந்து விழுந்ததாம். இந்தச் சள்ளையே வேண்டாம் என்று அவர் வெகுதூரம் தள்ளி வேறோர் ஊரில் வீடு வாங்கிக்கொண்டு போக, கடைசியில் தெற்கத்தித் தளபதி சரணடைவதற்கு அந்த வீட்டு வரவேற்பறையிலேயே வந்து உட்கார்ந்தாராம், போகும்போது வடக்கத்தி அதிகாரிகள் மேசை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். "வீடு பாக்குறப்போ வாஸ்து பாக்கலைன்னா இப்படித்தான் டீச்சர்," என்று தன் கருத்தையும் சேர்த்துக்கொண்டார். ஒரு படைத்தலைவர், இவ்வளவு தூரத்திலிருந்து எதிரிகளால் ஒரு யானையைக்கூடச் சுட முடியாது என்று தன் ஆட்களைக் கேலி செய்து, சற்று நேரத்துக்கெல்லாம் குண்டடிபட்டுச் செத்தாராம். யானை என்றதும், சயாம் ராஜா அமெரிக்காவுக்கு யானைகள் அனுப்பித் தருகிறேன் என்று எழுதிய கதைக்குத் தாவினார். அதன்பின் ஒரு துப்பாக்கிக்குண்டும் ஒரு கன்னிப்பெண்ணும் சம்பந்தப்பட்ட கதை ஒன்றைத் தொடங்கினார். பாக்கியலட்சுமி, "போதும், டீச்சரம்மா முன்னால என்ன பேச்சு," என்று அதட்டி நிறுத்தினார். அந்தக் கதையின் மீதியை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன்.

இப்படிப்பட்ட பொய்களைக் கூசாமல் சொல்கிற ஒரு மனிதருடைய பாட்டனார் கதையை உடைப்பதற்கு அரைநாள் போதும் என்று எண்ணி, மறுவாரம் தேசிய நூலகத்துக்குப் போனேன். அங்கே என்னுடைய பழைய மாணவி பரீதா வேலை பார்க்கிறாள். நான் கேட்டதை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்து வைத்தவள், "டீச்சர், ஒட்டகத்தையும் தேடணுமா, நெசமாத்தானா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய் ஒரு புத்தகத்தில் ஒட்டகத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். ஒட்டகம் உண்மை. அண்ணா, அந்த ஒட்டகத்துக்குப் பெயர்கூட இருந்திருக்கிறது. வரவேற்பறை உண்மை, நாற்காலி தூக்கிப் போனதும் உண்மை. யானையைச் சுட முடியாதென்ற தலைவர் உண்மை. சயாம் யானைகளில் மட்டும் எனக்கு ஒரு சிறு ஆறுதல். சண்டைக்கென்று அனுப்புவதாக ராஜா எழுதவில்லை, போர் மூளும் முன்பே எழுதிய கடிதம் அது, காட்டில் விட்டுப் பெருக்கிக்கொள்ளச் சொல்லித்தான் எழுதினார். கடிதம் போய்ச் சேர்ந்தபோது அங்கே வேறு ஜனாதிபதி, வேறு கவலை. எங்கள் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, எங்களிடம் நீராவி இருக்கிறது என்று மரியாதையாக மறுத்துவிட்டார்கள். வேண்டாத சம்பந்தத்தை மறுப்பது எப்படி என்று அவர்களிடம் நீங்கள் கற்றுக்கொள்ளலாம், தங்கையைக் கிளப்பிவிடாமல் நேரடியாக எழுதியிருக்கிறார்கள்.

கப்பலும் வந்திருக்கிறது. ஊர்ச் சனம் திரண்டு போய்ப் பார்த்திருக்கிறது. கரியும் ஏற்றியிருக்கிறது. அதற்குப் பயந்து வடக்கத்தியாரின் வணிகக் கப்பல்கள் பல நம் துறைமுகத்துக்குள் முடங்கிக் கிடந்திருக்கின்றன. எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்த செய்தி, அந்தக் கப்பலின் ஆட்கள் சிலர் சிங்கப்பூரில் உண்மையிலேயே ஓடிப்போயிருக்கிறார்கள் என்பது. இங்கிருந்து புறப்பட்டதும் மலாக்கா நீரிணையில் அது ஓர் அரிசிக் கப்பலைப் பிடித்துக் கொளுத்தியது. கொளுத்தப்பட்டது வடக்கத்தியாரின் கப்பல்தான், தப்பிப்பதற்காகப் பழைய பெயரை அழித்து மார்த்தபான் என்று கீழ்த்திசைப் பெயர் சூட்டி, பிரிட்டிஷ் கொடியும் ஏற்றியிருந்தது. அலபாமாவின் தலைவர் அதை நம்பவில்லை. கல்யாணம் பேசும் காலத்தில் நம்மவர்களில் சிலர் இப்படித்தான் திடீரென்று வம்சத்துக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அவர்களை யாரும் தீ வைத்துச் சோதிப்பதில்லை, அது ஒன்றுதான் வித்தியாசம். ஆனால் வேட்டியைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. கரி சுமந்தவன் இடுப்பில் என்ன இருந்தது, எப்போது இல்லாமல் போனது என்று எழுத அந்தக் காலத்தில் யாருக்கு அக்கறை. ஆகவே மிஞ்சியது அந்தச் சாமி ஒன்றுதான். கப்பல் பொருளானால் அதில் எங்காவது எழுத்து இருக்க வேண்டும். சந்தனத்தைச் சுரண்டிப் பார்க்கவேண்டும் என்று தீர்மானித்தேன்.

யோகத்திடம் சொன்னேன். தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பை வைத்துவிட்டு, "மாமி, அது அவையின்ர சாமி. நீங்கள் போய்ச் சோதினைப் பேப்பர் திருத்துற மாதிரித் திருத்த வேண்டாம்," என்றாள். உண்மையைக் கண்டு எந்தச் சாமியும் பயப்படாது என்றேன். "சாமி பயப்படாது. நான்தான் பயப்படுறன்," என்றாள். அப்போதே நிறுத்தியிருக்கலாம்.

போன ஞாயிறு மறுபடியும் பஃபலோ ரோட்டுக்குப் போனோம். நான் கேட்டதும் பாக்கியலட்சுமி திகைத்துப் போனார். "சாமியத் தேய்க்கிறதா? கை வெளங்குமா?" என்றார். வேலாயுதம்தான், "அபிசேகம்னு நெனச்சுக்க. டீச்சர் படிச்சவங்க, எழுத்து இருந்தா படிச்சுச் சொல்லட்டும், நமக்குந்தானே பெருமை," என்று புளியும் தேங்காய் நாரும் எடுத்துவரச் சொன்னார். என்னைத் தொடவிடவில்லை. பாக்கியலட்சுமியே கால் கழுவி, ஈரச் சேலையோடு உட்கார்ந்து, வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு தேய்த்தார். சந்தனம் ஓடு ஓடாகக் கழன்று விழுந்தது. கீழே பித்தளை மின்னியது. தனசேகரன் சாளரத்தைத் திறந்து வெளிச்சம் விட்டான். நன்றாகத் துலங்கியபின் அவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பினார். உள்ளே வெறும் கூடு. பீடம் என்று நாங்கள் கும்பிட்டது ஒரு பாத்திரத்தின் அகன்ற வாய். நூறு வருடமாக அதைக் கவிழ்த்து வைத்திருக்கிறார்கள். கப்பல்களிலும் கிளப்புகளிலும் துரைமார் புகையிலை மென்று துப்பும் பித்தளைப் படிக்கம் அது. நான் அதன் திருநீற்றைப் பூசிக்கொண்டு பேருந்தில் வீடு வந்திருக்கிறேன்.

படிக்கம் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்பது வாயிலிருந்து சொல் வந்தபின் தோன்றுகிற யோசனை. "படிக்கம்னா என்னப்பா?" என்று தனசேகரன் கேட்டான், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. "எச்சி துப்புற சட்டிடா," என்றார் வேலாயுதம். பாக்கியலட்சுமி கையிலிருந்ததைத் தரையில் வைத்துவிட்டார். கீழே கடையில் யாரோ உளுந்துக்கு விலை பேசுவது தெளிவாகக் கேட்டது. வேலாயுதம், "இருந்தா என்னங்க டீச்சர். நூறு வருசமா நாங்க யாரும் அதுல துப்பலையே," என்றார்.  மறுமொழி இல்லாதபோது வாத்தியார்கள் செய்வதை நானும் செய்தேன், அடுத்த கேள்விக்குப் போனேன். வாய் விளிம்பின் உட்புறத்தில் எழுத்துகள் இருந்தன. செய்தவர் பெயர் தேய்ந்துபோயிருந்தது. ஊர்ப் பெயர் மட்டும் தெளிவாக இருந்தது, லிவர்பூல். அமெரிக்கப் போர்க்கப்பலில் லிவர்பூல் படிக்கத்துக்கு என்ன வேலை, இது ஏதோ இங்கிலீஷ் வணிகக் கப்பலிலிருந்து வந்தது, உங்கள் பாட்டனாரின் கதைக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று நிறுத்தி நிதானமாக, கரும்பலகைக்கு முன்னால் நிற்பதுபோல் நின்று விளக்கினேன்.  அந்த உரத்த குரல்காரர் தோள் துண்டால் அதைத் துடைத்து, பழையபடி கவிழ்த்து வைத்து, புதிதாகக் கொஞ்சம் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்தார். பாக்கியலட்சுமி கையைக் கழுவிக்கொண்டு வந்து, "டீச்சரம்மா, காப்பி ஆறுது, குடிங்க," என்றார். குடித்தேன். 

திரும்பும் வழியில் சிராங்கூன் ரோடு முழுக்க யோகம் எனக்கு முன்னால் நடந்தாள். வீட்டு வாசலில் பூட்டைத் திறக்கத் திறப்பைத் தேடும்போதுதான் வாய் திறந்தாள். "நீங்கள் சொன்னதெல்லாம் சரி மாமி. சரியாச் சொல்லுறதைத் தவிர உங்களுக்கு வேற ஒண்டும் தெரியாதோ?" அன்று முதல் என்னிடம் பேசுவதில்லை. தேநீரை ஆற்றி, தட்டோடு கொண்டுவந்து வைத்து, "எடுங்கோ" என்று மட்டும் சொல்கிறாள். என் வீட்டில் இதற்குமுன் யாரும் என்னிடம் இத்தனை மரியாதையாக நடந்ததில்லை. தாங்க முடியவில்லை.

ஆகவே அண்ணா, நீங்கள் கேட்ட காரணம் கிடைத்துவிட்டது. கப்பல் வந்தது உண்மை, ஆட்கள் ஓடியது உண்மை, ஆனால் அவர்கள் சான்றாகக் காட்டும் பொருள் அந்தக் கப்பலைச் சேர்ந்ததல்ல. போதாததற்கு அது எச்சில் பாத்திரம். எச்சில் பாத்திரத்தைக் கும்பிடும் வீட்டில் பெண் கொடுக்கவில்லை என்று நீங்கள் சொன்னால் சிரம்பானில் உங்களை யாரும் குற்றம் சொல்லமாட்டார்கள், சங்கத்திலும் அந்த ஒற்றுமைப் பேச்சை யாரும் எடுக்கமாட்டார்கள். பொய் சொல்லும் குடும்பம் என்று மட்டும் சொல்லாதீர்கள். அவர்கள் நம்பியதைச் சொன்னார்கள், நாம்தான் நம்பாததைத் தேடிப் போனோம். யோகத்தை அடுத்த மாதம் சிரம்பானுக்கு அனுப்பிவைக்கிறேன். மச்சாளுக்கு என் அன்பு. சிறியவர்களுக்கு ஆசி, அவர்கள் கணக்குப் பாடத்தில் மட்டுமாவது தகப்பனைப்போல் வரட்டும். முழங்காலுக்கு நல்லெண்ணெய், நீரிழிவுக்கு நாவடக்கம், மற்றதெல்லாம் நல்லூர்க் கந்தன் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு
கீழ்ப்படிதலுள்ள தங்கை
பூரணம்

பி.கு. (24.12.1963)

மேலே உள்ளதை எழுதி, உறையில் இட்டு, தபால் தலையும் ஒட்டி, கைப்பையில் வைத்தேன். அது கைப்பையிலேயே இருந்துவிட்டது. மறதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள், பரீதாவிடம் இரவல் வாங்கிய கப்பல் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க நூலகத்துக்குப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. வாசலில் ஒதுங்கி நின்றபோது, நான் இதுவரை புரட்டாத முதல் அத்தியாயத்தைப் படித்தேன். கப்பல் சிங்கப்பூருக்கு எப்போது வந்தது, என்ன செய்தது, எப்போது போனது என்றெல்லாம் தேடினேனே தவிர, அது எங்கிருந்து வந்தது என்று நான் பார்க்கவில்லை. கல்யாணத்துக்கு விசாரிக்கப் போகிற எந்தத் தமிழரும் முதலில் கேட்கும் கேள்வி எந்த ஊர் என்பது. என்னை எந்த ஊர் என்று கேட்காத மனிதர் தேக்காவில் கிடையாது. அந்த ஒன்றை நான் அந்தக் கப்பலிடம் கேட்கவில்லை. அலபாமாவைக் கட்டியது அமெரிக்காவில் அல்ல, அண்ணா. லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பெயர்கூட வைக்காமல் வெறும் எண்ணைப் போட்டு, யாருக்காகக் கட்டுகிறோம் என்பதை மறைத்துக் கட்டினார்கள். மாலுமிகளிலும் பெரும்பாலோர் லிவர்பூல் பக்கத்து ஆட்கள். அதில் லிவர்பூல் படிக்கம் இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மழை விடுமுன்பே பஃபலோ ரோட்டுக்குப் போனேன். நனைந்துகொண்டு நின்ற என்னைப் பார்த்து பாக்கியலட்சுமி துண்டு எடுத்து வரப் போனார். நான் வாசலிலேயே நின்று, லிவர்பூல் என்று இருப்பதால் பொய் என்று நான் சொன்னது தவறு, ஆனால் அதனால் மட்டும் உங்கள் கதை உண்மை என்றும் ஆகிவிடாது, லிவர்பூல் பித்தளை உலகமெல்லாம் கிடக்கிறது என்றேன். வேலாயுதம் யோசித்தார். "அப்போ பொய்யும் இல்ல, நெசமும் இல்ல. சாமிக்கு அது போதும் டீச்சர். உள்ள வாங்க லா, நனையுறீங்க," என்றார். கேசரி கொடுத்தார்கள். அன்று அந்தத் துப்பாக்கிக்குண்டுக் கதையையும் முழுதும் கேட்டேன். அது ஒன்றுதான் சுத்தப் பொய், அதைச் சொன்னேன். மிகவும் வருத்தப்பட்டார்.

இன்று காலை திருமணப் பதிவகத்தில் யோகத்துக்கும் தனசேகரனுக்கும் பதிவு நடந்தது. சாட்சிக் கையெழுத்து நானும் வேலாயுதமும். மார்கழியில் கல்யாணமா என்று கேட்காதீர்கள், இது வெறும் பதிவு, தாலிகட்டு தையில். பதிவுக்கு அறிவிப்புக் கொடுத்தது எப்போது என்று விசாரித்தேன். நான் அந்த வீட்டில் முதல் கேசரி சாப்பிடுவதற்கும் முன்பே கொடுத்திருக்கிறார்கள். நம்முடைய விசாரணை எல்லாம் முடிந்துபோன வழக்குக்கு நடந்த விசாரணை. "அனுமதி வேண்டாம் மாமி. பக்கத்தில நிண்டால் போதும்," என்றாள் உங்கள் மகள். நின்றேன். நூறு வருடத்துக்கு முன் கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போன நாளும் இதே நாள்தான் என்று வேலாயுதம் பதிவாளரிடம் சொல்லத் தொடங்கினார். பதிவுக்கு இடம் கிடைத்தது இன்றைக்குத்தான் என்பதைத் தவிர அதில் ஒன்றும் இல்லை என்று நான் தடுத்தேன். பதிவாளர் ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தாலிகட்டு சிராங்கூன் ரோட்டுக் காளியம்மன் கோயிலில். நீங்களும் மச்சாளும் முன்னதாகவே வந்துவிட வேண்டும். வர முடியாது என்று கடிதம் எழுதுமுன் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அலமாரியைத் திறந்து, அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து, தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். சின்ன வயதில் வெள்ளிக்கிழமை தோறும் அதைச் சாம்பல் போட்டுத் துலக்கியவள் நான், நீங்கள் அல்ல. துரை அப்பாவுக்குக் கொடுத்தது உண்மையாகவே இருக்கலாம். துரைக்கு அது எங்கிருந்து வந்தது என்று நம் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. நாய்க் கண்காட்சி, குட்டைக்கால் வேட்டை நாய் வகுப்பு, நாயின் பெயர் டாபி. முதல் பரிசுகூட இல்லை, அண்ணா, இரண்டாம் பரிசு.

வரும்போது கிண்ணத்தையும் கொண்டுவாருங்கள். மணவறைக்குப் பக்கத்தில் இரு வீட்டுப் பெருமையையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும் என்று வேலாயுதம் ஆசைப்படுகிறார். கப்பல் சாமி கவிழ்ந்துதான் இருக்கும், அது அதன் வழக்கம். நீங்கள் நேரத்துக்கு வந்து சேர்ந்தால் கிண்ணம் நிமிர்ந்தே இருக்கும்.